நன்றிப் பட்டியலில் இரண்டாவது பெயர்

கிடார் வாசிக்கும் டென்சில் மாஸ்டருக்கு எழுபத்தொரு வயதில்தான் முதல் ஆல்பம் வாய்த்தது. பெரம்பூரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம். ஒன்பது பாட்டு. ப்ளூஸின் துயரமும் ஹார்ட் ராக்கின் முழக்கமும் கலந்தவை. டிரம்ஸ் வாசித்தவருக்கு அறுபத்தெட்டு வயது. பாடியவருக்கு அறுபத்து நாலு. மூன்று பேரும் தினமும் காலையில், பள்ளிக்கூடம் போகிறவர்கள்போல, நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார்கள்.

எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவதற்குத் தன் பழைய சீடர் கஜபதியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார் மாஸ்டர்.

கஜபதிக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு காலத்தில் மாஸ்டரின் பக்கத்தில் இரண்டாவது கிடார் வாசித்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு பெரிய கச்சேரிக்கு முதல் நாள், சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு குழுவோடு துபாய்க்குப் போய்விட்டார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது கிடார் பையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள வா கஜா. டீ சாப்பிடு."

மேசைமேல் ஆல்பத்தின் அட்டைக்கான தாள் கிடந்தது. 'நன்றி' என்று போட்டு ஒரு பட்டியல். முதல் பெயர் மாஸ்டரின் மனைவி ஐரீன். இரண்டாவது, கஜபதி.

கஜபதி டீயைக் கீழே வைத்தார்.

"இதை அடிச்சிடுங்க மாஸ்டர்."

"ஏன், எழுத்து தப்பா இருக்கா?"

"குத்திக் காட்டணும்னா நேராவே திட்டுங்க. உங்களை நடுவுல விட்டுட்டுப் போனவன் நான். எனக்கு எதுக்கு நன்றி?"

மாஸ்டர் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாம சேர்ந்து வாசிச்ச பழைய பாட்டு, மெதுவாப் போகுமே, ஞாபகம் இருக்கா? உன் பங்கை வாசி."

இருவரும் தொடங்கினார்கள். மாஸ்டரின் விரல்கள் மேலே ராகத்தை இழுத்தன. கட்டைவிரல் கீழே தனியாகத் தாளம் நடத்தியது. நாலு வரி போவதற்குள் கஜபதியின் கை நின்றுவிட்டது.

"எனக்கு இடமே இல்லையே மாஸ்டர். என் பங்கையும் நீங்களே வாசிக்கிறீங்க."

"அன்னிக்குத் தனியா மேடை ஏறினேன். அசிங்கமாப் போச்சு. ரெண்டு வருஷம் உன்னைத் திட்டிக்கிட்டே இந்தக் கட்டைவிரலைப் பழக்கினேன். மூணாவது வருஷம் திட்டுறது மறந்துபோச்சு. வாசிப்பு தங்கிடுச்சு. எட்டுப் பாட்டுலயும் இருக்கிறது அதுதான்."

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்படின்னா ஒன்பதாவதுக்கு நான் எதுக்கு?"

மாஸ்டர் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா உனக்கும் சேர்த்து வாசிச்சாச்சு கஜா. இனி உன் பங்கை நீ எடுத்துக்கோ."