இருநூத்தி நாப்பதரை முட்டை

கோணமடுவுக்காரங்களை முட்டாளுங்கன்னு சொல்றவங்க உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்ன பேச்சை அவங்க அளவுக்குக் கேக்கறவங்க நாமக்கல் ஜில்லாவுலயே கிடையாது. பிரச்சினையே அதுதான்!

அந்த ஊர்ல நாலு பேர் சேர்ந்து ஒரு நாட்டுக்கோழிப் பண்ணை நடத்துறாங்க. தலைவர் அர்த்தநாரி. நாலு பேர்ல அவர்கிட்ட மட்டும்தான் மூக்குக்கண்ணாடி இருக்கு, அதனால தலைவர். அவரோட அக்கா பாவாயிக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதனால கணக்கு நோட்டு அவங்ககிட்ட. பாவாயியோட வீட்டுக்காரர் நாச்சிமுத்து தீவனம் போடறவரு. நாலாவது ஆளு காளியண்ணன், யோசனை சொல்றவரு. எல்லா வம்பும் அங்கிருந்துதான் கிளம்பும்.

பண்ணை இருக்குற இடம் வாடகை இடம். இடத்துக்காரர் கறாரா சொல்லிட்டாரு: "நிலையா ஒரு ஆர்டர் காட்டுங்க. இல்லேன்னா வைகாசியில கோழியை ஓட்டிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போறேன்." நாலு பேருக்கும் சோறு இறங்கலை. அந்த நேரம் பாத்து மஸ்கட்ல ஓட்டல் நடத்துற யூசுப் பாய் போன் போட்டாரு. வாரம் ஐநூறு நாட்டுக்கோழி முட்டை வேணுமாம்! ஒரே ஒரு நிபந்தனை. பண்ணையோட வருஷக் கணக்கை சர்வதேசக் கணக்கு விதிப்படி எழுதி, ஆடிட்டர் கையெழுத்தோட, ஏப்ரல் இருபத்திரெண்டு சாயங்காலம் நாலு மணிக்குள்ள அனுப்பணும். கையெழுத்து வந்தா ஆர்டர். ஆர்டர் வந்தா பண்ணை. வரலைன்னா மண்டபம்.

சேலத்து ஆடிட்டர் ரெஜினா மேடத்தைப் பிடிச்சாங்க. நல்ல மனுஷி, பொறுமைசாலி. அப்ப பொறுமைசாலி. போன்லயே விதியெல்லாம் விளக்குனாங்க. தீவன வாளியைக் கவுத்துப் போட்டு, அது மேல போனை வச்சு, நாலு பேரும் சுத்தி நின்னு கேட்டாங்க.

"கோழி உயிருள்ள சொத்து. அதை வாங்குன விலைக்கு எழுதக் கூடாது. இன்னைக்கு என்ன நியாய விலையோ அதுக்கு எழுதணும்" அப்படின்னாங்க மேடம்.

"நியாய விலைன்னா எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"விக்க விருப்பமுள்ள ஒருத்தர், வாங்க விருப்பமுள்ள ஒருத்தர். ரெண்டு பேரும் விவரம் தெரிஞ்சவங்க, சொந்தபந்தம் இல்லாதவங்க. அவசரமே இல்லாம பேசுனா என்ன விலைக்கு முடிப்பாங்களோ, அதுதான்."

சந்தையில போய் விலை கேட்டுட்டு வருவாங்கன்னு மேடம் நெனச்சாங்க. கோணமடுவு வேற மாதிரி நெனச்சுது.

"நம்மூர்ல சொந்தம் இல்லாத ரெண்டு பேருக்கு எங்க போறது?" அர்த்தநாரி கவலைப்பட்டாரு. "கோயில் பூசாரி கூட எனக்குச் சித்தப்பன் முறை."

காளியண்ணன் யோசிச்சாரு. "மாமனும் மாப்ளையும் விலை முடியற வரைக்கும் உறவை முறிச்சுக்கங்க. அப்புறம் ஒட்டிக்கலாம்."

அப்படியே ஆச்சு. அர்த்தநாரி விக்கிறவரு, நாச்சிமுத்து வாங்குறவரு. ரெண்டு பேரும் மொகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னாங்க.

"ஏனுங், கோழி என்ன விலைங்?"

"நானூறுங்."

"எனக்கு விருப்பமுங்."

"எனக்கும் விருப்பமுங்."

"நிறுத்துங்க!" பாவாயி நோட்டைத் தட்டுனாங்க. "இது அவசரம். அவசரமே இல்லாமன்னு மேடம் சொன்னாங்களா இல்லையா?"

மறுபடி ஆரம்பிச்சாங்க. மொத நாள் முழுக்க மழையைப் பத்திப் பேசுனாங்க. ரெண்டாம் நாள் தான் கோழிங்கற வார்த்தையே வந்துச்சு. மத்தியானம் நாச்சிமுத்து வழக்கம்போல வீட்டுக்கு வந்து எலை போட்டு உக்கார்ந்தாரு. பாவாயி சோறு போட்டாங்க. பின்னாடியே வந்த அர்த்தநாரி திகைச்சுப் போய் நின்னாரு.

"அக்கா, யாரு இந்த ஆளு, நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிடறாரு?"

"தெரியலை கண்ணு. பசியா இருக்குன்னாரு. பாவமா இருந்துச்சு."

நாச்சிமுத்து மூணு நாள் ராத்திரியும் தீவன மூட்டை மேலதான் படுத்தாரு. நாலாம் நாள் நானூத்திப் பத்துக்கு முடிஞ்சுது. மாமனும் மாப்ளையும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க.

அடுத்த விதி. "பண்ணையில இருக்குற சாமான் எதுக்காவது சேதாரம் இருக்கான்னு ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாருங்க. இருந்தா மதிப்பைக் குறைச்சு எழுதணும்."

காளியண்ணன் சம்மட்டியோட வந்தாரு.

மொதல்ல தண்ணி மோட்டார். ஒரே போடு. "சேதாரம் இருக்கு, எழுதிக்கங்க!" அடுத்து எடை மெஷின். "இதுலயும் இருக்கு!" கடைசியா முட்டை வைக்கிற ரெண்டு ஃப்ரிட்ஜ். மொத ஃப்ரிட்ஜ் ஒரே அடியில படுத்துருச்சு. ரெண்டாவது கொஞ்சம் தாக்குப் பிடிச்சுது.

"இது நல்ல ஃப்ரிட்ஜுங்க, சேதாரம் இல்ல" அப்படின்னாரு நாச்சிமுத்து.

"ஒரு அடியை வச்சு எப்படிச் சொல்றது? ஆர அமர சோதிக்கணும்." நாலாவது அடியில சேதாரம் தெரிஞ்சுது.

"நல்லவேளை சோதிச்சோம்" அப்படின்னாரு அர்த்தநாரி, கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே. "வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருந்துச்சு. உள்ளுக்குள்ள இம்புட்டு சேதாரம் யாருக்குத் தெரியும்?"

மார்ச் முப்பத்தொண்ணு வந்துச்சு. வருஷக் கணக்கு முடியற நாள். மேடம் தெளிவா சொல்லியிருந்தாங்க: "மதியம் சரியா பன்னண்டு மணிக்கு எண்ணுங்க. முட்டை உள்ள இருக்குற வரைக்கும் கோழியோட சேர்த்தி, தனியா எழுதாதீங்க. வெளிய வந்துட்டா அது சரக்கு, தனிக் கணக்கு."

கோழி இருநூறு. முட்டை இருநூத்தி நாப்பது. கடியாரம் பன்னண்டு அடிக்குது, பாவாயி கோடு போடப் போறாங்க, மூலையில இருந்து காளியண்ணன் கத்துறாரு: "யாரும் அசையாதீங்க! செவலைக் கோழிக்கு முட்டை பாதியில நிக்குது!"

நாலு பேரும் மண்டி போட்டுப் பாத்தாங்க. நெசந்தான். பாதி உள்ள, பாதி வெளிய.

"வெளிய தெரியுது, அதனால சரக்கு" அப்படின்னாரு நாச்சிமுத்து.

"உள்ள மாட்டியிருக்கு, அதனால கோழி" அப்படின்னாரு காளியண்ணன்.

"மஞ்சக்கரு எந்தப் பாதியில இருக்கு? அதைச் சொல்லுங்க, முடிவு பண்ணிரலாம்" அப்படின்னாரு அர்த்தநாரி.

"அதை எப்படிங்க பாக்குறது?"

"கோழியைக் கேக்கலாமா?"

"அது ஒரு பக்கமாத்தான் பேசும். அதுக்கு வேண்டியது அதோட முட்டை."

இந்தப் பேச்சு நடக்கையிலயே கோழி முட்டையைப் போட்டு முடிச்சுட்டு, நாலு பேரையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருச்சு.

"இப்ப முழுசா வெளிய வந்துருச்சே!" நாச்சிமுத்து சந்தோஷப்பட்டாரு.

"இப்ப மணி பன்னண்டு பத்து" அப்படின்னாங்க பாவாயி. "பன்னண்டு மணிக்கு அது பாதிதான். பொய்க் கணக்கு எழுத என் கையி வராது."

இருநூத்தி நாப்பதரைன்னு எழுதுனாங்க. எழுதுனா போதுமா? "நான் வந்து பாக்கும்போது கணக்குல இருக்குறதும் கண்ணுல இருக்குறதும் ஒத்துப் போகணும்"னு மேடம் சொல்லியிருந்தாங்களே! அதனால அந்த முட்டையை அவிச்சு, நூல் போட்டு சரிபாதியா அறுத்து, ஒரு பாதியை சரக்குல சேத்தாங்க. மறுபாதி கோழிக்குச் சொந்தமானது. அதைச் செவலைக் கோழிகிட்டயே மரியாதையா திருப்பிக் குடுத்துட்டாங்க. அது கொத்தித் தின்னுட்டு இன்னும் கேட்டுச்சாம்.

சரி, மேடம் வர்ற வரைக்கும் முட்டையை எங்க வைக்கிறது? ஃப்ரிட்ஜு ரெண்டும் சேதாரம். கூடையில வச்சா எலி, பரண்ல வச்சா பூனை.

காளியண்ணன் சொன்னாரு: "முட்டையைப் பத்திரமா பாத்துக்கிற மாதிரி உலகத்துல ஒரே ஒரு ஆளுதான் உண்டு. கோழி."

அடைக்கு உக்கார்ற நேரத்துல இருந்த இருபது கோழியைப் பொறுக்கி, ஆளுக்குப் பன்னண்டா பிரிச்சு வச்சாங்க. அரை முட்டையையும் ஒரு கோழி கால்ல வச்சு அணைச்சு விட்டாங்க. கோழிங்க ஒரு எலியைக் கூடக் கிட்ட விடலை! அன்னைக்கு அப்புறம் போட்ட முட்டையெல்லாம் அடுத்த வருஷக் கணக்கு, அதைத் தனியா வித்துக்கிட்டாங்க. கணக்குல ரொம்ப சுத்தம்.

மூணாம் தேதி வர்றேன்னு சொன்ன மேடத்துக்கு வேற கம்பெனி வேலை இழுத்துருச்சு. வந்து எறங்குனது ஏப்ரல் இருபத்திரெண்டு, மதியம் ரெண்டு மணி.

"முட்டையைக் காட்டுங்க."

அர்த்தநாரி பெருமையா கொட்டாய்க் கதவைத் தொறந்தாரு.

கீச் கீச் கீச் கீச்!

நூத்தி எண்பத்தேழு குஞ்சு. மேடத்தோட செருப்பு மேல நாலு, கைப்பைக்குள்ள ஒண்ணு. மூலையில ஒரு கோழி மட்டும் எதையோ அடைகாத்துக்கிட்டு, அவமானமா உக்கார்ந்திருந்துச்சு. மேடம் அதைத் தூக்கிப் பாத்தாங்க, உடனே முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க.

"என்னங்க இது?"

"அது அரைங்க மேடம். மீதி அரை கோழிகிட்ட இருக்கு."

மேடம் ஒரு ஸ்டூல்ல உக்கார்ந்தாங்க. பாவாயி மோர் கொண்டு வந்து குடுத்தாங்க. "மேடம், கையெழுத்து வராதுங்களா? இங்க மண்டபம் கட்டிருவாங்களா?"

மேடத்துக்கு மனசு எளகிருச்சு. "அழாதீங்கம்மா. இதுக்கும் விதி இருக்கு. மார்ச் முப்பத்தொண்ணு அன்னைக்கு அது முட்டைதான், முட்டைன்னே இருக்கட்டும். அரையை மட்டும் அடிச்சிடுங்க. கணக்கு முடிஞ்சதுக்கு அப்புறம், நான் கையெழுத்துப் போடற வரைக்கும் என்ன நடந்துச்சோ அதைக் கடைசியில குறிப்பா எழுதுங்க. போதும்."

பாவாயி கண்ணைத் தொடச்சுட்டு எழுதுனாங்க. குறிப்பு ஒண்ணு: முட்டை குஞ்சாகி விட்டது.

"சரி, குடுங்க." மேடம் பேனாவைத் தொறந்தாங்க.

"பொறுங்க மேடம்" அப்படின்னாரு அர்த்தநாரி. "நீங்க வந்தீங்க. அது நடந்துச்சில்ல?"

குறிப்பு ரெண்டு: ஆடிட்டர் வந்தார். குறிப்பு மூணு: மோர் குடித்தார்.

"இதெல்லாம் வேண்டாங்க!"

குறிப்பு நாலு: வேண்டாம் என்றார்.

"அக்கா, நாலாவது குறிப்பை நீங்க எழுதுனீங்களே, அது நடக்கலையா?" காளியண்ணன் கேட்டாரு.

"ஐயையோ, ஆமா!" குறிப்பு அஞ்சு: குறிப்பு நாலு எழுதப்பட்டது.

"அப்ப அஞ்சை எழுதுனது?"

மூணே முக்காலுக்குக் குறிப்பு முப்பத்தொம்பதுல நின்னுச்சு. அதுல ஆறு குறிப்பு, மேடம் தலையில கை வச்சதைப் பத்தி. பாவாயிக்குக் கை வீங்கிப் போச்சு. எழுதி முடிச்சாத்தான் கையெழுத்து, எழுத எழுத எழுத வேண்டியது கூடிக்கிட்டே போகுது!

மேடம் எந்திரிச்சு நின்னாங்க. "எல்லாரும் கேளுங்க! இந்த நிமிஷத்துல இருந்து நான் கையெழுத்துப் போடற வரைக்கும் இந்தப் பண்ணையில எதுவும் நடக்கக் கூடாது. எதுவும்!"

குறிப்பு நாப்பது: இனி எதுவும் நடக்காது.

நாலு பேரும் நின்னது நின்ன இடத்துல செலையாட்டம் நின்னாங்க. நாச்சிமுத்து மூக்கு மேல ஒரு ஈ உக்கார்ந்துச்சு, அவரு கண்ணைக் கூடச் சிமிட்டலை. மேடம் பரபரன்னு கையெழுத்துப் போட்டு, அவங்களே போட்டோ எடுத்து, அவங்களே மஸ்கட்டுக்கு அனுப்புனாங்க. மூணு அம்பத்தெட்டு.

போன் அடிச்சுது. மேடம் ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"யூசுப் பேசுறேன். கையெழுத்து வந்துருச்சு! ஆர்டர் உங்களுக்குத்தான்! இடத்துக்காரர்கிட்ட தைரியமா காட்டுங்க. மொத லோடு எப்ப அனுப்புறீங்க?"

யாரும் அசையலை.

"முடிஞ்சுதுங்க, பேசுங்க!" மேடம் அர்த்தநாரியைப் பிடிச்சு உலுக்குனாங்க.

அர்த்தநாரி மெதுவா தொண்டையைச் செருமுனாரு. கண்ணுல தண்ணி. "யூசுப் பாய், உங்களைக் கையெடுத்துக் கும்புடறேனுங். பண்ணையைக் காப்பாத்திட்டீங்க. ஆனா முட்டை மட்டும் இந்த வருஷம் அனுப்ப முடியாதுங்."

"ஏன்?"

"இந்தக் கணக்கு எழுதவே நாப்பது குறிப்பு ஆயிருச்சுங். அக்கா கையைப் பாத்தா மனசு தாங்கலை. அதனால அடுத்த மார்ச் வரைக்கும் பண்ணையில எதையுமே நடக்க விடறதில்லைன்னு, இப்ப நின்னுக்கிட்டு இருக்கையிலயே நாலு பேரும் கண்ணாலயே பேசி முடிவு பண்ணிட்டோமுங். கோழிங்களுக்குத்தான் இன்னும் விவரம் தெரியாது. காளியண்ணன் இப்பத்தான் சொல்லக் கிளம்புறாரு."