நிமிர்ந்து நின்ற கோரைப்பாய்

காவிரிக்கரையில் மண்டக்குழி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களுக்கு வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

அங்கே செங்கோடன் என்பவனுக்குப் பாவாயி ஒரே மகள். நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நகைநட்டு வேண்டாமுங்க. உங்க வயல்ல விளைஞ்ச கோரையில ஒரு பாய் சீர்வரிசையா வரோணும். பாய் இல்லீன்னா கல்யாணம் இல்லீங்க."

செங்கோடன் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கோரையை அவன் பாயாகத்தான் பார்த்திருக்கிறான், பயிராகப் பார்த்ததில்லை. பங்காளிகள் நாச்சிமுத்துவையும் காத்தானையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கோரைக்காரரிடம் ஓடினான்.

அவர் கிழங்கை அள்ளிக் கொடுத்துச் சொன்னார்: "ஒரு தடவை நட்டாப் போதும், வருசக்கணக்கா வரும். அறுக்க அறுக்கத் தழையும். ரெண்டே சங்கதிதான். நட்ட கோரை காயக் கூடாது, அறுத்த கோரை நனையக் கூடாது."

வழியெல்லாம் அதையே மூவரும் மனப்பாடம் செய்தார்கள். நட்டார்கள். வயலில் முழங்கால் தண்ணீர் நின்றது. அப்படியும் நாச்சிமுத்துவுக்குத் திருப்தியில்லை. "அடி நனைஞ்சாப் போதுமா? நுனி காயுதே" என்றான். பயிர் வளர வளர ஏணி போட்டு ஏறி உச்சியிலும் ஊற்றினார்கள். கோரை பாவம், இத்தனையும் பொறுத்துக்கொண்டு ஆள் உயரம் வளர்ந்து பழுப்பாகப் பூவும் விட்டது.

ஓரத்தில், தண்ணீர் ஏறாத மேட்டில், ஒரு பிடி அறுத்து வெயிலில் போட்டார்கள். அதுவரை சரி. காத்தான் குனிந்து பார்த்தான்.

"பங்காளி, கீழ நிக்குதே கட்டை, இது நட்ட கோரையா, அறுத்த கோரையா?"

"நாமதானே நட்டோம்."

"நாமதானே அறுத்தோம்."

"அப்படீன்னா காயவும் கூடாது, நனையவும் கூடாது."

மூவரும் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் நாச்சிமுத்து கட்டைக்கு மேல் குடை பிடித்தான், காத்தான் குடைக்கு மேல் தண்ணீர் ஊற்றினான். மூன்று நாள் இதே வேலை. நாச்சிமுத்துவுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நாலே நாள். செங்கோடன் வாய்விட்டு அழுதான்.

"ஒரு பிடிக்கே ரெண்டு ஆளு ஒரு குடை. வயல் பூரா அறுத்தாக் குடைக்கு எங்க போவேன்? எம்புள்ள கல்யாணம் போச்சே."

காத்தான் தொண்டையைச் செருமினான். "அறுத்தாத்தானே தொல்லை? அறுக்க வேண்டாம். நிக்கறபடியே பின்னிப்போடலாம்."

செங்கோடன் அவனை அப்படியே கட்டிக்கொண்டான். மூவரும் சேற்றில் நின்று நூல் கோத்துக் கோத்து இறுக்கினார்கள். பாய் வயலில் நிமிர்ந்து நின்றது. மேலே பூ, கீழே வேர். காற்றடித்தால் லேசாக ஆடியது.

பாய் பந்தலுக்கு வராதே, அதனால் பந்தல் வயலுக்கு வந்தது. மணமக்கள் கணுக்கால் சேற்றில் பாய்மேல் சாய்ந்து நின்றார்கள். தாலி ஏறியது. கவலையில் பட்டினி கிடந்த செங்கோடனுக்கு அப்போதுதான் சோற்று நினைவே வந்தது.

அர்த்தநாரி பாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "வண்டியில ஏத்தோணுமே, வரமாட்டேங்குது?"

"வராதுங்க சம்பந்தி, உசுரோட இருக்குது."

அர்த்தநாரி தம் ஆட்களோடு ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"சீர் குடுத்தாச்சு, பாய் இனி எங்க பொருள். மாடுகீடு வாய் வெச்சா யாரு பொறுப்பு? எங்க ஆளு ஒருத்தரு காவலுக்கு இருந்தே ஆகோணும்."

"தாராளமா இருக்கட்டுங்க."

"வெளியாளை நம்பறதுக்கில்லீங்க. சொந்தப் பிள்ளையா இருந்தாத்தான் அக்கறையாப் பாத்துக்குவான்."

நியாயமான பேச்சு என்று இருதரப்பும் ஒத்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் பாவாயியை வண்டியில் ஏற்றி மாமியார் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். செங்கோடன் கண்ணீர் விட்டபடி எல்லைவரை போய் வழியனுப்பினான். மாப்பிள்ளை கழுத்து மாலையோடு வயலில் நின்று, ஒரு கையில் மாடு விரட்டும் கோலைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பெண்டாட்டி கண்ணுக்கு மறையும்வரை ஆட்டிக்கொண்டிருந்தார்.