தளபதி சங்கிலிராஜனும் வாடைக்காற்றும்

கருவேலங்குறிச்சி மகாராஜாவிடம் ஒரு சைக்கிள் படை இருந்தது. படை என்றதும் வரிசை வரிசையாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு சீமை சைக்கிள், அதன்மேல் தளபதி சங்கிலிராஜன், அவ்வளவுதான். தை மாதம் பக்கத்து சமஸ்தானத்தோடு பந்தயம். தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக மகாராஜா ஏதோ ஒரு விருந்தில் உளறி வைத்திருந்தார். ஆகவே தளபதிக்கு அரண்மனையில் தினமும் பாதாம் பாலும் ஆறு முட்டையும். அவருடைய சைக்கிளில் மணி கிடையாது. மணி அடித்து வழி கேட்பதெல்லாம் சாமானியர்கள் செய்கிற வேலையாம்.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் சபையில் தளபதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தெற்குச் சாவடியிலிருந்து கோட்டைவாசல் வரை எட்டு மைல். வாடைக்காற்று எதிரே வீச, அன்று காலை அதை நாற்பது நிமிடத்தில் கடந்துவிட்டாராம். பொன்னாடை தோளில் ஏறிய மறுகணமே புகாரும் ஏறியது.

"மகாராஜா, ஒரு வெற்றிலைக்காரன் என்னை அவமதித்துவிட்டான்!"

வெற்றிலைக்காரன் மூக்கையாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனுடைய துருப்பிடித்த சைக்கிள் வெளியே முற்றத்தில். கேரியரில் இரண்டு கூடை வெற்றிலை, மேலே ஈரத்துணி. அரண்மனை உத்தரவுகளை எழுதும் ராயசம் ஏகாம்பரம் ஜன்னல் வழியே அந்தத் துணியைப் பார்த்தார். வெயில் ஏற ஏற அது காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறேன். இவன் என் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வருகிறான். காற்றுத் திருடன்! பிறகு பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்கிறான். பிறகு, சொல்லவே வாய் கூசுகிறது, என்னைத் தாண்டி முன்னால் போனான்! நான் யார், இவன் யார்?" என்று குமுறினார் தளபதி.

"என்னப்பா சொல்றே?" என்றார் மகாராஜா.

"சாமி, அது எங்க வெத்தலைக் கொடிக்கால்காரங்க வழக்கம். வாடையில வரிசையா வருவோம். ஒருத்தர் முன்னாடி போய்க் காத்தை வாங்கிக்குவாரு. கொஞ்ச தூரம் போனதும் அடுத்தவரு முன்னாடி வருவாரு. பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்தா மரியாதை இல்லீங்க. 'அண்ணே, நான் முன்னாடி வரட்டுமா'ன்னு மணி அடிச்சுக் கேட்டுட்டுத்தான் போனேன். அண்ணன் ரொம்ப மூச்சு வாங்கினாரு, பார்க்கப் பாவமா இருந்துச்சு."

சபையில் யாரோ கிக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. தளபதியின் முகம் சிவந்தது. தளபதி கோபித்துக்கொண்டால் மீசையின் கதி என்ன? மகாராஜா அவசரமாக உத்தரவு போட்டார்.

"எழுதும் ஓய், ராயசம்! தளபதி பயிற்சி செய்யும்போது அந்தச் சாலையில் எவரும் அவருக்கு முன்னால் போகக்கூடாது. பின்னால் வரக்கூடாது. பக்கத்திலும் கூடாது. இவன் சைக்கிள் பறிமுதல்."

"சாமி, அந்த வண்டி இல்லேன்னா என் பொழைப்பே போச்சு!" என்று மூக்கையா அழுதேவிட்டான்.

முட்டாள்தனமான உத்தரவுகளை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதுவது ஏகாம்பரத்துக்கு இருபது வருஷத்து உத்தியோகம். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"எவரும் என்றே எழுதட்டுமா, மகாராஜா?"

"எவரும் என்றே எழுதும்!"

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தளபதி சாவடியிலிருந்து கிளம்ப ஏற்பாடு. அதைப் பார்க்க மகாராஜாவின் சாரட் வண்டி கோட்டைவாசலுக்கு வந்தது. கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் உத்தரவைக் கையில் பிடித்தபடி ஏகாம்பரம்.

"கதவைத் திறவும் ஓய்!"

"மன்னிக்கவேண்டும். இப்போது சாலையில் இறங்கினால் மகாராஜா தளபதிக்கு முன்னால் இருப்பீர்கள். திரும்பி அவரோடு வந்தால் பக்கத்தில். அவரைப் போகவிட்டு வந்தால் பின்னால். மூன்றும் கூடாது."

"நானுமா?"

"எவரும் என்று இருக்கிறது. எழுத்து என்னுடையது, கையெழுத்து மகாராஜாவுடையது."

மகாராஜா பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காப்பி கேட்டார். பால்காரர்கள் சாலையில் இறங்கவில்லை, ஆகவே பால் இல்லை. வெற்றிலையாவது கொடு என்றார். வெள்ளிப் பெட்டியைத் திறந்தால் பாக்கும் சுண்ணாம்பும்தான் இருந்தன.

"வெற்றிலை எங்கே?"

"அரண்மனை வெற்றிலை மூக்கையாவின் சைக்கிளில் வருவது, மகாராஜா. சைக்கிள் பத்திரமாக நம் லாயத்தில் இருக்கிறது."

மணிக்கூண்டில் ஆறே முக்கால் ஆயிற்று. தளபதியைக் காணோம். ஏழு அடித்தது. ஏழேகாலுக்குத்தான் ஒரு சைக்கிள் தள்ளாடிக்கொண்டு வந்தது. தளபதி இறங்கவில்லை, விழுந்தார்.

"முன்னால் எவனும் இல்லை, பின்னால் எவனும் இல்லை. ராஜபாட்டையாக விட்டேனே! ஏன் இத்தனை நேரம்?" என்று கத்தினார் மகாராஜா.

"காற்று... மகாராஜா..."

"நேற்று காற்று இல்லையா?"

"நேற்றும்... இதே காற்றுதான்..."

"அப்புறம் எப்படி நாற்பது நிமிடம்?"

 ஏகாம்பரம் மெல்லக் கனைத்தார்.

"மூக்கையாவை விசாரித்தேன். நேற்று முக்கால்வாசி வழி அந்தக் காற்றுத் திருடன் முன்னால் இருந்தான், மகாராஜா. தளபதிக்கு வரவேண்டிய காற்றையெல்லாம் அவன்தான் வாங்கிக்கொண்டான். இரண்டு கூடைச் சுமையோடு. பொன்னாடை மட்டும் இடம் மாறிவிட்டது."

மகாராஜா ஏகாம்பரத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த தளபதியைப் பார்த்தார். காலி வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மீசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். உத்தரவை வாங்கித் தாமே நாலாகக் கிழித்தார். லாயத்திலிருந்து சைக்கிள் வந்தது. பொன்னாடை மூக்கையாவின் தோளுக்குப் போனது. ஏகாம்பரத்தின் கையில் ஒரு புதுப் பேனா.

"சரி, தளபதி," என்றார் மகாராஜா, மீசையைப் பத்திரமாகத் தடவிக்கொண்டே. "பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். வாய்விட்டுக் கேளும். இன்னும் கொஞ்சம் பாதாமா? புதுச் சீமை வண்டியா? என்னதான் வேண்டும்?"

தளபதி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். தலை நிமிரவில்லை.

"ஒரு சைக்கிள் மணி, மகாராஜா. அப்புறம்... ஒரு வெற்றிலைக்காரர்."