செவப்பு செகண்டு முள்ளு

ஒரு ஊர்ல ஒரு வாட்ச் இருந்துச்சு. கையில கட்டுற வாட்ச். தினமும் காலையில க்ர்ர் க்ர்ர்னு பதினாறு தடவை சாவி முறுக்கணும். பதினேழு கூடாது, பதினஞ்சும் பத்தாது. கேக்குறியா?

ம்.

அது ஆவுடையப்பனோட வாட்ச். அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். காய்ச்சல் கண்ட மாடு வந்தா, வாலுக்கு அடியில ரெண்டு விரல வச்சு, வாட்ச்சப் பாத்து ஒரு நிமிஷம் நாடி எண்ணுவார். அதுல மணி முள்ளும் நிமிஷ முள்ளும் வெள்ளை. செகண்டு முள்ளு மட்டும் செவப்பு. அப்புறம் ஒரு நாள் அவர் போய்ச் சேந்துட்டார். வாட்ச் ஆறு வருஷம் டிரங்குப் பெட்டியில கெடந்து நின்னே போச்சு.

அவருக்கு ஒரே மக, செண்பகவல்லி. நர்ஸ் வேலைக்குப் படிக்க டவுனுக்குப் போனா. அங்க பெரிய சிஸ்டர் கறாரா சொல்லிட்டாங்க. திங்கக்கெழம மொதத் தடவையா வார்டுக்குப் போறீங்க, செகண்டு முள்ளு ஓடுற வாட்ச் இல்லாம எவளும் உள்ள வரக் கூடாது, செல்போனப் பாத்து நாடி எண்ணுறது இங்க நடக்காதுன்னு. அப்போ அவ அம்மா அந்த வாட்ச்ச கைக்குட்டையில முடிஞ்சு கொடுத்து, “அப்பா கட்டின மாதிரியே கட்டிக்கோ”ன்னா. கையில மூணு நாள்தான் இருந்துச்சு. வெள்ளி, சனி, ஞாயிறு.

வெள்ளிக்கெழம காலையில மொதக் கடை. கடைக்காரர் மூடியத் தொறக்கக்கூட இல்ல. உள்ள இருக்குற மிஷினத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மிஷின் வச்சுடலாம், ஒரு டீ குடிச்சுட்டு வான்னார். வேண்டாம்னு வாட்ச்சத் திரும்ப வாங்கிக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது கடை. வாட்ச் மூஞ்சி மஞ்சளாயிருச்சு, சொரண்டிட்டுப் புதுசா பெயிண்ட் அடிச்சு, வெளிக்கூட்டையும் பாலீஷ் போட்டுட்டா புது மாப்பிள்ள மாதிரி இருக்கும்னு அவர் ஒரு பளபள வாட்ச்ச எடுத்துக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா கூட்டோட ஓரத்துல அப்பா சட்டைக்கை உரசி உரசி மழுங்கின எடம் ஒண்ணு உண்டு. அது இருக்குமான்னு கேட்டா. இருக்காதுன்னார். அங்கேயும் அப்பா வாட்ச்சத் திரும்ப வாங்கிக்கிட்டா.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

சரி. மூணாவது கடைக்குப் பதினாலு படி ஏறணும். அங்க சேகனா பாய், ஒத்தக் கண்ணுல பூதக்கண்ணாடிய இடுக்கிக்கிட்டு உக்காந்திருந்தார். எதை மாத்தணும்னு கேட்டார். எதையும் மாத்தக் கூடாது பாய், ஓடினா போதும்னா. இப்பிடிக் கேக்குற ஆள் வருஷத்துக்கு ஒண்ணு வந்தா அதிகம்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரச் சொன்னார்.

அப்புறம் பாய் அத ஒவ்வொண்ணா பிரிச்சார். பழைய எண்ணெய் பிசினா இறுகிக் கெடந்துச்சு. ஒவ்வொரு சக்கரத்தையும் பெட்ரோல்ல கழுவி, பிரஷ்ஷால தடவி, ஊசி முனையில எண்ணெய் எடுத்து வச்சு, திரும்பப் பூட்டினார். கழட்டினது பதினோரு திருகாணி, பூட்டினதும் பதினொண்ணு. டிக் டிக் டிக் டிக்.

அவ வந்தா. அப்போ பாய் சொன்னார்: “எல்லாம் அசல். ஒண்ணே ஒண்ணு கலப்படம். இந்தச் செவப்பு முள்ளு கம்பெனி முள்ளு இல்ல, யாரோ செம்புக் கம்பியத் தட்டிச் செஞ்சது. எங்கிட்ட அசல் முள்ளு ஒண்ணு இருக்கு. போட்டுட்டா முழு வாட்ச்சும் அசலாயிரும்.”

அவ பொறந்ததுலேருந்து அந்த முள்ளச் செவப்பாத்தான் பாத்திருக்கா. அங்கேருந்தே அம்மாவுக்குப் போன் போட்டா.  அம்மா சிரிச்சா. நீ பொறக்குறதுக்கு முன்னால ஒரு எருமை ஒதைச்சு கண்ணாடி தெறிச்சு, முள்ளு ஒடிஞ்சு அடிக்கட்டை மட்டும் நின்னுச்சு, உங்கப்பா மூணு நாள் உக்காந்து ஒரு கம்பி இழையத் தட்டி அதுல ஒட்டுனாரு, கண்ணுக்குத் தெரியணும்னு என் நகப்பாலிஷ எடுத்து அடிச்சாரு, நான் ஒரு தரம்கூட பூசாத பாலிஷ், அன்னைக்கு அவருக்குச் சோறு போடலன்னா.

செண்பகவல்லி போன வச்சுட்டு, இந்த முள்ளே இருக்கட்டும்னா.

பாய் யோசிச்சார். “இருக்கட்டும்தான். ஆனா நாளைக்கு இத வச்சு மனுஷ நாடி எண்ணப் போற. நடுவுல நின்னா? ஓட்டிப் பாப்போம். ஓடலைன்னா இந்த முள்ள நான் போட மாட்டேன்.”

மொத சுத்து ஓடுச்சு. இருபத்திரெண்டாவது செகண்டுல நிமிஷ முள்ளுல இடிச்சு டக்குனு நின்னுருச்சு. மயிரிழை தூக்கி விட்டார். ரெண்டாவது சுத்து. நாப்பத்தொண்ணுல கண்ணாடியில ஒரசி சர்ர்ர்னு நின்னுருச்சு.  பாய் இடுக்கியால பாதி மயிரிழை தாழ்த்தினார். மூணாவது சுத்து. இருபத்திரெண்டு தாண்டுச்சு. நாப்பத்தொண்ணு தாண்டுச்சு. அறுபது. சொவத்துக் கடிகாரத்தோட ஒத்துப் போச்சு. அப்புறமும் விடாம முப்பது நிமிஷம் பாத்தார் மனுஷன்.

ரிப்பேர் பாக்குறவங்க மூடியோட உள்பக்கம் ஊசியால தேதி கீறுவாங்க. பாயும் கீறினார். அதுக்குக் கீழ பொடி எழுத்துல இன்னொண்ணும் கீறி அவகிட்ட காட்டினார்: “செவப்பு முள்ளு அசல். மாத்தாதே.”

ம்...

அப்புறம் திங்கக்கெழம. வார்டுல மாடத்தின்னு ஒரு கெழவி, கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருந்தா. படிக்கிற புள்ளைக எவளும் என்னத் தொடக் கூடாதுன்னு ரெண்டு பேர வெரட்டிட்டா. மூணாவதா செண்பகவல்லி போய் நின்னா.  பெரிய சிஸ்டர் பின்னால நிக்குறாங்க. கெழவி மொறைச்சா. அப்புறம் வாட்ச்சப் பாத்தா.

“இந்தச் செவப்பு முள்ள நான் பாத்திருக்கேனே. நீ யாரு மக?”

“கம்பவுண்டர் ஆவுடையப்பன் மக, பாட்டி.”

“அடியே, என் மாட்டுக்குப் பாத்த வாட்ச்லயா எனக்குப் பாக்க வந்திருக்க?”

வார்டே சிரிச்சுச்சு. செண்பகவல்லி தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்போ கெழவி கையத் திருப்பி அவ முன்னால நீட்டினா.

“அந்த மாடு பொழச்சு, அதுக்கப்புறம் அஞ்சு கன்னு போட்டுச்சு. எண்ணு தாயி.”

அவ ரெண்டு விரல வச்சு எண்ணினா. செவப்பு முள்ளு நிக்காம ஒரு சுத்து வந்துச்சு. எழுபத்தி நாலு. பெரிய சிஸ்டரும் எண்ணிப் பாத்தாங்க. எழுபத்தி நாலு.

என்ன, ம் சொல்லல?

சரி. முள்ளு பன்னெண்டுக்கு வந்துருச்சு, கதையும் வந்து சேந்துருச்சு. சாவி காலையில கொடுத்துக்கலாம். தூங்கு.