உச்சினிமாகாளி படம் சேர்த்த பிரமசக்தி அம்மையார்

தாமிரபரணிக்குத் தெற்கே, தேரி மணல் சிவந்து கிடக்கும் வெளியின் ஓரத்தில் கருவேலங்குறிச்சி என்றொரு சிற்றூர். அவ்வூரில் பீடி சுற்றிப் பிழைத்தவர் பிரமசக்தி அம்மையார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர், மணமாகாதவர், தம்பி வீட்டில் ஒதுக்கிக் கொடுத்த அறையில் இருந்தார். விடிந்ததும் உச்சினிமாகாளி கோயில் முற்றத்தைப் பெருக்கி, நீர் தெளித்து, நடை திறக்கும் முன்பே வெளியே வந்துவிடுவார். விரித்த சடையும் கோரைப்பல்லுமான அந்தத் திருமுகத்தை நேருக்கு நேர் நின்று பார்க்க அவருக்குத் துணிவு வந்ததில்லை. இடிக்கு அஞ்சுவார், காக்கிச் சட்டைக்கு அஞ்சுவார், அறியாதவர் குரலுக்கு அஞ்சுவார், எல்லாவற்றையும்விட அம்மனுக்கு அஞ்சுவார். அந்த அச்சத்தினுள்ளேதான் அவருடைய அன்பு ஊறிக் கிடந்தது.

பீடித் தட்டை இறக்கி வைத்த பிறகு அம்மையார் செய்துவந்த தொண்டு ஒன்று உண்டு. தென்மாவட்டத்து ஊர்க்கோயில்களின் படங்களை அன்பர்கள் பலர் ஓர் இணையதளத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். சுடலைமாடன், இசக்கி, பேச்சி, முண்டன் என்று வேறெங்கும் காணக் கிடைக்காத தெய்வங்களின் படங்கள் அவை. அந்தத் தளத்தை நடத்தியவர் நோயில் விழுந்தார். சித்திரை முடிவோடு தளம் மூடப்படும், அதற்குள் விருப்பமுள்ளோர் படங்களைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொண்டு சேருங்கள் என்று அறிவித்துவிட்டார். உலகில் எவரும் விலையின்றி எடுத்தாளலாம் என்ற உறுதியோடு படங்களைக் காத்து வைக்கும் இடம் அந்தக் களஞ்சியம். தம்பி வாங்கித் தந்த பழைய மடிக்கணினியோடு அம்மையாரும் அந்தப் பணியில் இறங்கினார்.

படத்தைக் களஞ்சியத்துக்கு மாற்றுவது நொடி வேலை. எடுத்தவர் யார், அவர் இசைவு உண்டா என்று கேட்டறிவதுதான் பெரும்பாடு. ஒருவர் எடுத்த படத்தில் அவர் பெயரை விட்டுவிடுவது களவு என்று அம்மையார் எண்ணினார். ஆகவே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தார். எண்ணை அழுத்தும்போதே உள்ளங்கை வியர்க்கும். “யாரு நீ? எம் படத்தை வாங்கி எவன்கிட்ட விக்கப்போற?” என்று சீறியவர்களும் உண்டு. பேசி முடித்ததும் சுவரில் சாய்ந்து கண்மூடி, “தாயே” என்பார். பிறகு அடுத்த எண்ணை அழுத்துவார்.

அந்தப் படங்களுள் அவர் ஊர் உச்சினிமாகாளியும் இருந்தாள். பழைய பூசாரியின் இசைவோடு, ஊர்த் திருவிழாவான கொடை நாளில் முழு அலங்காரத்தில் எடுத்தது. எடுத்தவர் வேன் ஓட்டும் ஆறுமுகநயினார். “எடுத்துக்கோங்கம்மா. சாமி எனக்கு மட்டுமா சொந்தம்?” என்று அவர் உடனே இசைந்தார். ஆனால் அம்மையாரின் விரல் நகரவில்லை. எவரும் எடுத்தாளலாம் என்றால், வணிகத்துக்கும் எடுத்தாளலாம் என்பதும் அதில் அடக்கம். பலநாள் அந்தப் படத்தைத் தள்ளித் தள்ளி வைத்தார். கடைசியில், மற்ற ஊர்த் தெய்வங்களையெல்லாம் கரை சேர்த்துவிட்டுத் தம் தாயை மட்டும் மூழ்கும் கப்பலில் விடுவதா என்று நெஞ்சு பதைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சேர்த்துவிட்டார்.

அவர் அஞ்சியதே நடந்தது. பக்கத்து ஊர்த் திருவிழாவில் வெடித்த பட்டாசுகளுக்கு நடுவே ஓர் உறை கிடைத்தது. பாதி கருகிய அந்த உறையில் உச்சினிமாகாளியின் முகம். எவரோ ஒரு பட்டாசு முதலாளி களஞ்சியத்திலிருந்து எடுத்து அச்சிட்டிருக்கிறார். படத்துக்குக் கீழே இருந்த விவரத்தைத் தேடிப் பார்த்தவர்கள், அதைச் சேர்த்தவர் பெயரையும் கண்டுகொண்டார்கள்.

ஊர் திரண்டு வாசலுக்கு வந்தது. கோயில் நிர்வாகி பொன்னுலிங்கம் அந்த உறையை அம்மையாரின் மடியில் போட்டார்.

“பாரு. தாயோட மூஞ்சியில கால் தடம் கிடக்கு. நீதான் கொடுத்தியா?”

அம்மையார் உறையைக் கையில் எடுத்தார். “நான்தான்யா சேத்தேன்,” என்றார்.

“அழிச்சிரு.”

“இங்க அழிச்சாலும் எடுத்தவங்ககிட்ட இருக்குமேய்யா. பொதுவுல வச்சதத் திருப்பி வாங்க முடியாது.”

கூட்டம் முணுமுணுத்தது. பொன்னுலிங்கம் குரலைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த குரல்தான் அம்மையாரைக் கொன்றது. “நாங்க ஒன்னும் செய்யல. கொடைக்கு அம்மா இறங்குவா. அவளே கேக்கட்டும். அதுவரைக்கும் கோயில் பக்கம் வந்துராத.”

அன்றுமுதல் கதவு தட்டும் ஓசைக்கெல்லாம் அம்மையாருக்கு உடல் தூக்கிப் போட்டது. ஊராருக்கு அஞ்சியதை விட, ஊரார் சொன்னது மெய்யாக இருக்குமோ என்றே அதிகம் அஞ்சினார். காத்துத் தருகிறேன் என்று வாங்கி, எரிக்கக் கொடுத்துவிட்டேனோ? ஆயினும் பீடித் தட்டை இறக்கியதும் கணினிமுன் உட்கார்ந்தார்.

தம்பி மனைவி மாரிக்கனி கையைப் பிடித்துக்கொண்டாள். “இதோட விட்டுருங்க மதினி. இன்னும் எந்த ஊர்க்காரன் வந்து நிப்பானோ.”

“எனக்கு மட்டும் பயமில்லையா? கையப் பாரு, எப்படி ஆடுதுன்னு.” அம்மையார் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “நான் விட்டுட்டா இதுகளுக்கு ஆளில்லை, மாரி. மாசக் கடைசியில எல்லாம் அழிஞ்சிரும்.”

கொடை வந்தது. மதியக் கொடைக்கு மகுட மேளமும் உருமியும் முழங்கின. சாமிகொண்டாடி சித்திரவேலுவின் மேல் அம்மன் இறங்குவது தலைமுறை வழக்கம். ஓடி ஒளிய இடமின்றி, தாய் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று அம்மையார் காலை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

சித்திரவேலுவின் உடல் முறுக்கியது. கையில் வெட்டரிவாள் ஏறியது. ஆடியவர் பந்தலைச் சுற்றவில்லை. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நேராக வெளியே வந்தார். மக்கள் விலகினார்கள். மேளம் நின்றது. அம்மையாரின் கண்முன் அரிவாளின் நுனி மின்னியது. ஓட நினைத்தும் சூம்பிய கால் அசையவில்லை. அப்படியே மண்ணில் மண்டியிட்டார்.

“எம் கோயில் முத்தம் ஏன் பெருக்காம குப்பையாக் கிடக்கு?”

பொன்னுலிங்கம் முன்வந்து கைகூப்பினார். “தாயே, இவ உன் முகத்த வெடிக்குக் கொடுத்துட்டா. எரிச்சு மிதிச்சுட்டாவ.”

சித்திரவேலுவிடமிருந்து சிரிப்பொலி எழுந்தது.

“என்னைய எரிச்சாவளா? நெருப்பு யாருன்னு நெனச்சலே?”

பொன்னுலிங்கம் தலைகவிழ்ந்து பின்வாங்கினார். அரிவாள் தரையில் ஊன்றப்பட்டது. சித்திரவேலு குனிந்து அம்மையாரின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார். குரல் இறங்கி, தாய் மகளிடம் பேசுவதுபோல் ஆயிற்று.

“எம் அக்கா தங்கச்சி சாமியெல்லாம் கொண்டு சேத்துட்டியா?”

அம்மையார் வாழ்வில் முதன்முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சப் பேரு கிடக்காவ தாயே.”

“ஒருத்தியையும் விட்டுராத.”

மஞ்சள் குழைத்த மஞ்சணையை அள்ளி அவர் நெற்றி நிறைய அப்பிவிட்டு, அம்மன் பந்தலுக்குத் திரும்பினாள். மேளம் மீண்டும் முழங்கியது. மாரிக்கனி ஓடிவந்து தூக்கும்வரை அம்மையார் அழுதுகொண்டே இருந்தார். மறுநாள் விடியலில் பொன்னுலிங்கமே கோயில் முற்றம் பெருக்கும் விளக்குமாற்றை எடுத்து வந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

தளம் மூடப்படுவதற்குள் இசைவு கிடைத்த படம் அத்தனையும் களஞ்சியம் சேர்ந்தது. கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் தத்தம் குலதெய்வத்தை அங்கே கண்டு கும்பிடுகிறார்கள். அம்மையார் இன்றும் இடிக்கு அஞ்சுகிறார். புதிய எண்ணை அழுத்தும்போது இன்றும் அவருக்குக் கை வியர்க்கிறது. நடுங்கும் கையாலேயே தெய்வங்களைக் கரை சேர்த்த பிரமசக்தி அம்மையாரின் பெயரைச் சொல்லும் நா, நலம் பெறும்.