காலிக் கட்டத்துக்கு முன் ஒரு குறி

மலையடிவார மடத்தில் தரவுத்தளம் கற்பித்தவர் மரகதம். அவரிடம் படித்தவர்களில் அரியமுத்து ஆசிரியையைவிட வயதில் மிகவும் மூத்தவர். மடத்தில் தங்கிச் சாப்பிடுவோர் விவரங்களை அவர்தான் கணினியில் பதிந்துவந்தார்.

அதற்காகச் சொந்தமாக ஒரு குறி உண்டாக்கியிருந்தார். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நிற்பதுபோல, அவருடைய ‘~’ ஒரே ஒரு மதிப்புக்கு முன்னால் நிற்கும். ‘கடலை ஆகாதா?’ என்ற கட்டத்தின் முன் வைத்தால், ‘பரிமாறலாம்’ அல்லது ‘கூடாது’ என்று பதில் தரும். கணினியிடம் நாலு வரி எழுதிக் கேட்கவேண்டிய வினவல் ஒற்றைக் குறியில் அடங்கிவிட்டது.

ஒருநாள் காலை கடலைச் சட்னி சாப்பிட்ட ஒரு பெண்ணுக்குத் தொண்டை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள் என்று மதியம்தான் தகவல் வந்தது. அவளுடைய கட்டம் காலி. குறி ‘பரிமாறலாம்’ என்றிருந்தது.

அன்று மாலை அரியமுத்து மரகதத்தின் முன் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“டீச்சர், குறியில் பிழையா?”

மரகதம் மூடியிருந்த தூக்குச்சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். “இதில் கடலை இருக்கிறதா, ஐயா?”

அவர் மூடியில் கை வைத்தார்.

“திறக்காமல் சொல்லுங்கள்.”

“தெரியாது, டீச்சர்.”

“உங்கள் குறியைக் கேட்டால்?”

“இல்லை என்று சொல்லும்.”

“யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது?”

“நான்தான். முதலில் காலிக் கட்டத்துக்குப் பதிலே வரவில்லை. ‘என்ன பெரியவரே, உங்க மந்திரத்துக்கு வாய் அடைச்சுப்போச்சா’ என்று சமையற்காரர் சிங்காரம் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகுதான் காலி என்றால் ‘பரிமாறலாம்’ என்று சொல்லவைத்தேன்.”

“காலிக் கட்டம் இன்னும் எத்தனை இருக்கும்? பார்த்துச் சொல்கிறீர்களா?”

“பதினேழு.”

பார்க்காமலே சொல்லிவிட்டார். எண்ணிக்கை முன்பே தெரியும் என்று காட்டிக்கொண்டது சொன்ன பிறகுதான் உறைத்தது.

“அவர்களிடம் ஏன் கேட்கவில்லை?”

“முன்பின் தெரியாதவர்கள். கூச்சமாக இருந்தது.”

மரகதம் தூக்குச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திறக்கவில்லை.

“குறியை மாற்றிவிடுகிறேன், டீச்சர். கட்டம் காலியானால் அதுவும் பேசாமல் இருக்கட்டும்.”

“சரி.”

“ஆனால், அது பேசாமல் இருந்தால் சமையற்கட்டுக்கு யார் பதில் சொல்வது?”

கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

“பதினேழு பேரும் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், ஐயா” என்றார் மரகதம்.