மூச்சு வாங்கிய இடங்கள்

பேய்ப்படத்துக்குச் சகாயம் போட்டிருந்த இசையைக் கேட்டு இயக்குநர் சிரித்துவிட்டார். ஆளில்லாத வீட்டில் ஒரு தூளி தானாக ஆடுகிற காட்சி.

“நாளைக்கும் இப்படித்தான்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சகாயத்துக்குத் தனியாகக் கிடைத்த முதல் படம் அது. தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இசையமைப்பாளர் வனஜாட்சியிடம் போனான்.

“கொலுசு போட்டியா?” என்று கேட்டார் அவர்.

“போட்டேன்க்கா.”

“நாய்?”

“ஊளையிடுது.”

“பூனை என்னடா பாவம் பண்ணிச்சு?”

அவன் சிரிக்கவில்லை. “பயத்தை எங்கேருந்துக்கா எடுக்கிறது?”

“உன் பொண்ணைத் தூங்க வைக்க என்ன பாடுவே?”

“ஒரு தாலாட்டு. நான் பாடினாத்தான் கண்ணை மூடுவா.”

“உள்ளே போய் அதைப் பாடு. பக்கத்துல அவ படுத்திருக்கான்னு நினைச்சுக்கோ.”

ஒலிப்பதிவு அறைக்குள் போய்ப் பாடினான். மைக் இருப்பதே மறந்துபோயிற்று. கடைசி வரியில் குரல் தானாகத் தணிந்தது.

வெளியே வந்தபோது வனஜாட்சி கணினியில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் காட்சியை ஓடவிட்டார்.

தூளி ஆடியது. பாட்டு இல்லை. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள், பாடப்போகிறவர்கள் இழுப்பதுபோல. ஒரு வரி பாடும் நேரம்வரை ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மூச்சு. தூளிக்கு மேல் யாரோ குனிந்து நின்றுகொண்டு, பாடாமலேயே இருப்பதுபோல.

சகாயம் திரும்பி நாற்காலிக்குப் பின்னால் பார்த்தான்.

“யாருக்கா அது?”

“நீதான். பாட்டை எடுத்துட்டேன். நீ மூச்சு வாங்கின இடம் மட்டும் இருக்கு.”

மறுநாள் இயக்குநர் சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் விளக்கைப் போடச் சொன்னார். படம் சகாயத்திடமே நின்றது.

அடுத்த வாரம் அவன் மறுபடி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“வீட்டில பாட முடியலைக்கா. மூச்சை இழுக்கிறேன். அதுக்கு மேலே வரமாட்டேங்குது.”

“பாப்பா?”

“தூங்கறதில்லை. அசையாம என் வாயையே பார்த்துட்டிருக்கா.”

“வேற பாட்டு பாடு.”

“எந்தப் பாட்டுக்கும் மூச்சு வாங்கணுமேக்கா.”

வனஜாட்சி கணினியில் ஓடிக்கொண்டிருந்த இசையை நிறுத்தினார்.

“எப்போக்கா சரியாகும்?”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“என் பையன் ரேடியோ கேட்டுத் தூங்கியே வளர்ந்துட்டான்” என்றார்.